மீசை, பூசை, மாஸ்

தாம்பரம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் அறிவிப்புப் பலகையில் 'திருப்பலி நேரங்கள்' என்றுதான் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு வரும் பாட்டி, "முதல் பூசை ஆறு மணிக்காம்" என்பார். பேத்தியோ தோழிக்கு, "எட்டு மணி மாஸுக்கு வந்துடுடி" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரே வழிபாட்டுக்கு ஒரே வாசலில் மூன்று சொற்கள். இவற்றில் மூத்தது எது என்று கேட்டால் எல்லாரும் பாட்டியின் சொல்லைத்தான் காட்டுவார்கள். இந்த வழிபாட்டுக்குப் பெயராக வந்த வரிசையைப் பார்த்தால் பேத்தியின் சொல்தான் மூத்தது. நடுவில் சில நூற்றாண்டு ஒதுங்கியிருந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இலத்தீன் வழிபாட்டின் முடிவில் குரு 'இத்தே, மிஸ்ஸா எஸ்த்' என்பார். போய் வாருங்கள், விடை கொடுத்தாயிற்று என்பது ஏறக்குறைய அதன் பொருள். அனுப்பிவைக்கும் அந்தச் சொல்லே முழு வழிபாட்டுக்கும் பெயராகிப் போர்த்துகீசியத்தில் 'மிஸ்ஸா' என்றும் ஆங்கிலத்தில் 'மாஸ்' என்றும் நின்றது. இறுதி ஆசீருக்குக் காத்திராமல் பைக் நிற்கும் இடத்துக்கு நழுவுகிறவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! அவர்கள் இருந்து கேட்காத பகுதியிலிருந்துதான் அந்த வழிபாட்டுக்கு உலகப் பெயரே கிடைத்தது.

பரங்கிமலை உச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் கோயில் கட்டினார்கள். 1558 டிசம்பர் 18 அன்று வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது அங்குள்ள கற்சிலுவை வியர்த்தது என்பது மலைக்கோயிலின் மரபு. அன்று கூடியிருந்தவர்கள் அந்த வழிபாட்டைப் பூசை என்று சொல்லியிருக்க வாய்ப்பில்லை. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலை அச்சிட்டார். கடவுளுக்குத் தம்பிரான் என்று நல்ல தமிழ்ச்சொல்லை எடுத்துக்கொண்ட அந்தக் காலத்துச் சபை, சடங்குச் சொற்கள் பலவற்றை மட்டும் போர்த்துகீசியத்திலேயே விட்டுவைத்தது. மிஸ்ஸாவும் அப்படித்தான் தமிழ் வாய்க்கு வந்தது.

வந்த இடத்தில் சிக்கல். மிஸ்ஸா தமிழ்க் காதில் மீசையாக விழுந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு இராபர்ட் தே நொபிலிக்கு இது பொறுக்கவில்லை என்பது அச்சபையார் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. உலகிலேயே மிகப் புனிதமான செயல் என்று தாம் நம்பும் ஒன்றைச் சொன்னால், எதிரே இருப்பவர் தம் மேலுதட்டைத் தடவிக்கொண்டால் என்ன செய்வார், பாவம்? (இப்போது மிசா என்றால் வேறு ஒன்று நினைவுக்கு வரும். நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தப் பெயருள்ள சட்டத்தில் சிறை சென்றவர்களின் பெயருக்கு முன்னால் அது பட்டமாகவே ஒட்டிக்கொண்டது.) நொபிலி அந்நியச் சொற்களைத் தள்ளிவிட்டு ஊர் வழங்கும் சமயச் சொற்களையே எடுத்தார்: கோவில், குரு, பிரசாதம், சர்வேசுரன். அந்த வரிசையில் வந்ததுதான் பூசை. அவர் 1656-இல் இறந்தது மயிலாப்பூரில். இறக்கும்போது அவர் எடுத்தாண்ட சொற்கள் கத்தோலிக்கத் தமிழின் அடித்தளமாகிவிட்டிருந்தன.

பூசை வடசொல்லாயிற்றே, கோயில் ஐயர் செய்வதாயிற்றே என்று இன்றைக்குச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'பூஜா' என்ற வடமொழிச் சொல்லின் பிறப்பே மொழியியலாரிடையே விவாதத்தில் இருக்கிறது. பூவால் செய்வது, அதாவது 'பூ செய்' என்பதே மூலம் என்று மார்க் காலின்ஸ் கருதினார். சந்தனமும் குங்குமமும் பூசுவதிலிருந்து வந்தது என்றார் சுவீடன் அறிஞர் யார்ல் ஷார்பென்டியர். சுநீதி குமார் சட்டர்ஜி முன்னதை ஆதரித்தார். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை. ஆனால் நெருப்பில் ஆகுதி இடும் வேள்வியிலிருந்து வேறான, பூவும் நீரும் கொண்ட வழிபாட்டுமுறை தெற்கே பிறந்த சொல்லோடு வடக்கே போயிருக்கலாம் என்று சொல்ல இடமிருக்கிறது. அப்படியானால் பூசையை வடசொல் என்று விலக்கியவர்கள் வீட்டுப் பிள்ளையை அயலான் என்று துரத்தியவர்கள் ஆவார்கள்.

பூசை என்ற சொல் கத்தோலிக்கர் வீட்டில் தனியாக இருக்கவில்லை, குடும்பமாகவே பெருகியது. பாட்டோடு நடப்பது பாடற்பூசை. கிறிஸ்து பிறப்புக்கு நடுச்சாமப் பூசை. இறந்தவருக்கு மோட்சப் பூசை. பீடத்தில் மணியடித்துத் தூபம் பிடிக்கும் பையன் பூசை உதவிக்காரன். குரு வாசிப்பது பூசைப் புத்தகம், உடுத்துவது பூசை உடுப்பு. நேர்ச்சை சொல்லிப் பெயர் கொடுப்பது பூசைக்கருத்து. ஞாயிறு பூசை முடிவில்தான் கல்யாண 'ஓலை' வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று மூன்று முறை அறிவிக்கும் வழக்கம் அது. பனையோலை போய்க் காகிதமும் போய் இப்போது கணினியில் அச்சடித்த தாள் வந்துவிட்டது. பெயர் மட்டும் ஓலைதான்.

அந்தப் பழைய பூசைக்குள் காலைப்பொழுதும் வெறும் வயிறும் அடக்கம். நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவு முதல் பட்டினி இருக்கவேண்டும் என்பது சட்டம். மாலையில் வழிபாடு வைக்கப் பரவலாக வழி திறந்தது 1953-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்தில். 1957-இல் பட்டினி மூன்று மணி நேரமாகச் சுருங்கியது, 1964-இல் ஒரு மணி நேரமானது. ஆகவே 'மாலைப் பூசை' என்பதே அந்தத் தலைமுறைக்குப் புதுமையான தொடர். இன்று சனிக்கிழமை மாலை வழிபாடே ஞாயிற்றுக் கடனுக்குப் போதும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுப் பணி முடித்துவிட்டு விடியற்காலையில் சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் திரும்பும் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகையின் அருமை தெரியும்.

பெயர்ச்சொல்லைவிட எனக்குச் சுவையாகப் படுவது அதோடு வரும் வினைச்சொல். சாமியார் பூசை 'வைப்பார்'. மக்கள் பூசை 'காண்பார்கள்'. ஞாயிறும் கடன் திருநாளும் முழுப்பூசை காணவேண்டும் என்றுதான் பழைய ஞானோபதேசம் கற்பித்தது. சொல் பொய் சொல்லவில்லை. குரு மக்களுக்கு முதுகைக் காட்டி, கிழக்கு நோக்கிய பீடத்தில், இலத்தீனில் மெல்லிய குரலில் செபிப்பார். பின்னால் முழந்தாளில் இருந்த மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் தலை நிமிர்ந்து, உயர்த்திக் காட்டப்படும் அப்பத்தைக் காண்பார்கள். காண்பதுதான் அவர்களுக்கு இருந்த பங்கு.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் (1962–1965) இதை மாற்றியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுச் சாசனம் மக்கள் மொழிக்கு இடம் கொடுத்தது. மக்கள் பார்வையாளராக நின்றால் போதாது, அறிந்து, முழுமையாக, செயலூக்கத்தோடு ஈடுபடவேண்டும் என்றும் கேட்டது. பீடம் மக்கள் பக்கம் திரும்பியது, தமிழ் பீடமேறியது. அந்த அலையில்தான் 'திருப்பலி' பலகைக்கு வந்தது. கூடவே சர்வேசுரன் இறைவன் ஆனார், ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆனது, பிரசங்கம் மறையுரை ஆனது, மேற்றிராணியார் ஆயர் ஆனார், மேற்றிராசனம் மறைமாவட்டம் ஆனது. தாம்பரமும் பல்லாவரமும் பரங்கிமலையும் 2002-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டு மறைமாவட்டத்தில் சேர்ந்தபோது மேற்றிராசனம் என்று சொல்ல முதியவர்களே மிஞ்சியிருந்தார்கள்.

இந்த மாற்றங்களில் பல தனித்தமிழ் நாட்டத்தில் வந்தவை. ஆனால் பூசையை எடுத்துவிட்டுப் பலியை வைத்ததைத் தமிழாக்கம் என்று சொல்ல முடியாது. 'பலி' வேதத்திலேயே ஆளப்பட்ட வடசொல். தமிழில் அது புதிதும் அல்ல. குறுந்தொகை 210-ஆம் பாட்டில் விருந்து வரக் கரைந்த காக்கைக்கு இடும் சோற்றுக்குப் பெயர் பலி. சிவன் ஓட்டை ஏந்தித் தேடிச்செல்வதும் பலிதான், பிச்சை என்ற பொருளில். கொடிமரத்தருகே பலிபீடம் இல்லாத சிவன் கோயில் அரிது. சோழர் கல்வெட்டுகளில் 'சீபலி' வரும். அதாவது ஸ்ரீபலி. ஸ்ரீயைத் தமிழில் திரு என்று வைத்துப் பாருங்கள், திருப்பலி கிடைத்துவிடும்! கோயில் வாடை அடிக்கிறதென்று பூசையை விட்டவர்கள் கோயிலின் உட்பிராகாரத்துச் சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருப்பலியை ஆதரிக்க வேறு நல்ல காரணம் உண்டு. அது இறையியல் காரணம். பூசை என்பது எந்த வழிபாட்டுக்கும் பொது. கல்வாரியில் இயேசு தம்மைக் கையளித்த பலியே பீடத்தில் நிகழ்கிறது என்பது கத்தோலிக்கக் கொள்கை. அதைப் பூசை சொல்லாது, பலி சொல்லிவிடும். புதிய வினைகளும் அதற்குத் தக்கபடி வந்தன. திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம், நிறைவேற்றுகிறோம், அதில் பங்கேற்கிறோம். 'திருப்பலி கண்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு சங்கடம், காலைச் செய்தித்தாள். 'லாரி மோதி இருவர் பலி' என்ற தலைப்பைப் படித்துவிட்டுக் கோயிலுக்கு வருகிறவருக்குப் பலகையில் அதே சொல். அதை மறக்கடிக்கத் 'திரு' என்ற ஓரசை மிகவும் பாடுபடுகிறது.

தாம்பரம் பக்கத்தில் வாழ்பவருக்கு இந்த வேறுபாடு தெருவிலேயே தெரியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் இங்கே குடிபெயர்ந்த ஊர் இது. சீர்திருத்தச் சபைகளுக்கும் இங்கே ஆழமான வேர் உண்டு. அவர்கள் ஞாயிறன்று போவது 'ஆராதனை'க்கு. இயேசுவின் பலி ஒரே தடவை நடந்து முடிந்தது என்பதில் அவர்கள் உறுதியானவர்கள், ஆகவே அப்பமும் இரசமும் அவர்களுக்குத் திருவிருந்து. கத்தோலிக்கருக்கும் ஆராதனை உண்டு. ஆனால் அது நற்கருணையை எழுந்தேற்றம் செய்து அமைதியாக அமர்ந்து வழிபடும் தனிச் சடங்கு. "ஆராதனை முடிஞ்சு வர்றேன்" என்று அடுத்தடுத்த வீட்டுக்காரர் இருவர் சொன்னால், இருவரும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகிறார்கள்.

மலையாளிகள் சொல்வது 'குர்பானா'. காணிக்கை என்று பொருள்படும் சிரிய மொழிச் சொல். பக்ரீத் 'குர்பானி'க்கு அது அக்காள் முறை. சென்னை உள்ளிட்ட பகுதிகளிலுள்ள சீரோ மலபார் சபையினருக்காக 2017-இல் ஓசூர் மறைமாவட்டமே தனியாக அமைந்தது. கன்னடத்தார் 'பலிபூஜே' என்றும் தெலுங்கர் 'திவ்யபலிபூஜ' என்றும் இரண்டு சொல்லையும் கட்டிவைத்துச் சண்டையே இல்லாமல் முடித்துக்கொண்டார்கள். இலங்கையில் சிங்களக் கத்தோலிக்கர் இன்னும் 'பூஜாவ'வை விடவில்லை. தமிழ்ச் சபை மட்டும் ஒன்றை எடுத்தால் இன்னொன்றை இறக்கவேண்டும் என்று ஏன் நினைத்ததோ.

இறக்கினாலும் பூசை இறங்கவில்லை. தூத்துக்குடி, கன்னியாகுமரி, திருச்சி, ஆற்காடு என்று பல திசையிலிருந்து வந்து பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் மனை வாங்கிய குடும்பங்களின் வாயில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. செவ்வாய் அந்தோனியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள், முதல் வெள்ளி திருஇருதயம், வாரத்தில் ஒரு மாலை ஏதாவது ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் என்று பங்கின் வாரம் புதுச் சொற்களோடு ஓடும். அன்பியம் என்பது தெருவாரியான சிறு குழுவுக்கு அண்மையில் அமைத்த அழகான சொல். அந்தக் கூட்டத்திலும் பேச்சு, "நாளைக்குப் பூசை யாரு வைக்கிறாங்க?" என்பதில்தான் முடியும். திருவிழாச் சுவரொட்டியில் 'ஆடம்பரக் கூட்டுத் திருப்பலி' என்று போடுவார்கள். எளிமையைப் போதிக்கும் சபைக்கு இந்த ஆடம்பரம் எப்படி ஒட்டிக்கொண்டதென்று யாரும் கேட்பதில்லை.

மாஸ் திரும்பி வந்த வழி ஆங்கிலம். பரங்கிமலை, பல்லாவரம் பகுதி ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அது எப்போதும் இருந்தது. கான்வென்ட் பள்ளிகளும் 'இங்கிலீஷ் மாஸ்' நேரமும் அதைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. இளைஞர் நாவில் அதற்குச் சினிமா நாயகனின் வருகை என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது, 'செம மாஸ்'. மீசையாகக் கேட்குமென்று நொபிலி விலக்கிய அதே மிஸ்ஸா, மீசை முறுக்கும் நாயகர்களின் அடைமொழியோடு ஒலியொத்து உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. நொபிலி அறிந்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

என் தீர்ப்பு இது. பலகைக்கும் பூசைப் புத்தகத்துக்கும் திருப்பலி சரியான சொல், கொள்கையை அது துல்லியமாகச் சொல்கிறது. பேச்சுக்குப் பூசையே போதும். அதில் நானூறு ஆண்டுக் கிறித்தவமும் இருக்கிறது, தமிழும் குறைவில்லை. மறைக்கல்வி வகுப்பில் அதைப் பிழை என்று திருத்தும் ஆசிரியர்கள் அந்த வேலையை நிறுத்திக்கொள்ளலாம். பொன்விழா மலர் போடும் பங்குப் பேரவையினருக்கும் ஒரு வேண்டுகோள்: வாழ்த்துச் செய்திக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் போக நான்கு பக்கம் ஒதுக்கி, உங்கள் பங்கில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் பாடற்பூசை, மோட்சப் பூசை, ஓலை, மேற்றிராணியார் போன்ற சொற்களைக் கேட்டு, எந்த ஊரில் எப்படிச் சொன்னார்கள் என்பதோடு அச்சேற்றுங்கள்.