தங்கவயல் தூசியும் ஆன்டிபாடி சோதனையும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் பொதிந்து கிடந்தது. ஜான் டெய்லர் கம்பெனி 1880 முதல் நடத்திய அந்தத் தங்கவயலில் அந்தப் பாறையைத் துளையிட்டவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள். துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் சிலிகாத் தூசி கிளம்பும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள் நேரே நுரையீரலின் காற்றுப்பைக்குள் போய்விடும். அதை விழுங்கும் வெள்ளையணு செரிக்க மாட்டாமல் சாகும். வெளியே விழுந்த துகளை அடுத்த அணு விழுங்கும். தழும்பு கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். இந்த நோய்தான் சிலிக்கோசிஸ்.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதலில் பதிவானது இங்கேதான், 1947இல். 1940 முதல் 1946 வரை பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில், பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. எந்தச் சுரங்கத்துக்கும் இது கொடுமையான கணக்கு. எக்ஸ்ரே படம் நுரையீரல் தழும்பைக் காட்டியது. ரத்தத்தில் நடந்ததைக் காட்டவில்லை.

சிலிகா உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே குழப்பும் என்ற சந்தேகம் வேறு ஊர்களில் எழுந்தது. 1914இல் எடின்பரோவின் பிராம்வெல் கல்தச்சர்களிடமும், 1957இல் எராஸ்மஸ் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயைக் கண்டார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் கல்லீரல் மருத்துவமும் அந்தத் திசையில் திரும்பியது. 1956இல் மெல்போர்னில் இயன் மெக்கேயும் உடனிருந்தவர்களும், எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயின் ரத்த அடையாளம் காணப்பட்ட ஒரு கல்லீரல் அழற்சியை விவரித்தார்கள். 1965இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லாக் குழுவினர் பித்தநாள நோயில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். எலியின் கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை ஆகியவற்றின் மெல்லிய சீவல்கள் மேல் நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிறுநீரகக் குழாய்கள் ஒளிர்ந்தால் பித்தநாள நோயாக இருக்கலாம். இரைப்பைத் தசை ஒளிர்ந்தால் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி என்று சந்தேகிப்பார்கள். அணுக்கரு ஒளிர்ந்தால் அது ஏ.என்.ஏ. என்னும் அணுக்கரு எதிர்ப்பு ஆன்டிபாடி.

தங்கவயல் தொழிலாளிக்குச் சிக்கல் இந்த ஏ.என்.ஏ.வில்தான். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கு வேறு தன்னெதிர்ப்பு நோய் இல்லாமலே அது பாசிட்டிவாக வரலாம்; ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடிப் புரதமும் கூடியிருக்கலாம். தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியைக் கண்டறிய 2008இல் வந்த எளிய மதிப்பெண் முறையில் ஏ.என்.ஏ.வுக்கு அதிகபட்சம் 2, ஐ.ஜி.ஜி.க்கு 2, வைரஸ் கல்லீரல் அழற்சி இல்லையென்றால் 2. கூட்டினால் 6, அந்த நோய் இருக்கக்கூடும் என்று சொல்ல அதுவே போதும். கல்லீரலில் கோளாறே இல்லாதவருக்கும் இந்தக் கூட்டுத்தொகை வந்துவிடலாம். அதனால்தான் அந்த முறை, பயாப்சியில் அழற்சி தெரிந்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சிலிக்கோசிஸோடு காசநோயும் அடிக்கடி சேர்ந்து வரும். அதற்குத் தரும் ஐசோநியாசிட் போன்ற மருந்துகளும் கல்லீரலைக் கெடுக்கலாம்; அதையும் தன்னெதிர்ப்பு நோய் என்று தவறாக நினைத்துவிடலாம்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தூசி நின்றாலும் சிலிக்கோசிஸ் நிற்பதில்லை. ஆகவே அங்கே வேலை பார்த்தவரின் ஆன்டிபாடி ரிப்போர்ட்டை, அவர் பூமிக்கடியில் எத்தனை வருஷம், என்ன வேலை செய்தார், காசநோய் மருந்து சாப்பிட்டாரா என்று விசாரித்த பிறகுதான் படிக்க வேண்டும்.