நான்கு பிடிகளுக்குள் சுழலும் யுத்தம்: ‘ஸொம்பி’ பாடலைக் கிற்றாரில் கற்றலும் புரிந்துகொள்ளலும்

அயர்லாந்தின் லிமரிக் நகரைச் சேர்ந்த ‘த கிரான்பெரீஸ்’ இசைக்குழு 1994இல் வெளியிட்ட ‘ஸொம்பி’, யுத்தம் பற்றிய ரொக் பாடல்களுள் உலகெங்கும் அதிகம் கேட்கப்பட்டவற்றில் ஒன்று. யூரியூப்பில் அதன் காணொளி 2020இல் 100 கோடி பார்வைகளைக் கடந்தது. கிற்றார் பழகத் தொடங்கும் பலரும் முதல் சில மாதங்களுக்குள் இதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். காரணம், முழுப் பாடலுக்கும் நான்கு பிடிகள் போதும். நானும் அப்படித்தான் அதற்குள் வந்தேன். ஆனால் விரல்களுக்கு இலகுவான இந்தப் பாட்டு, யுத்தத்துக்குள் வளர்ந்த ஒருவருக்கு மனதளவில் இலகுவானதல்ல. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற இரண்டையும் அறிந்துகொண்டு வாசிப்பது நல்லது.

பாடல் பிறந்த சூழல்

1993 மார்ச் 20, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வோரிங்டன் நகரக் கடைத்தெருவில், குப்பைத் தொட்டிகளுக்குள் ஐ.ஆர்.ஏ. எனப்படும் அயர்லாந்துக் குடியரசு இராணுவம் வைத்திருந்த இரண்டு குண்டுகள் வெடித்தன. மறுநாள் அங்கு அன்னையர் தினம். மூன்று வயதான ஜொனதன் போல் அந்த இடத்திலேயே இறந்தான். 12 வயதான டிம் பரி ஐந்து நாட்களின் பின் மார்ச் 25இல் மருத்துவமனையில் இறந்தான். இக்குற்றத்துக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

குழுவின் பாடகி டொலோரஸ் ஓ’ரியோர்டனுக்கு அப்போது 21 வயது. இந்தச் செய்தியின் தாக்கத்திலிருந்தே அவர் பாடலை எழுதினார். முதலில் சாதாரண மரக் கிற்றாரில் தனியே உருவாக்கிய மெட்டை, பின்னர் குழுவோடு ஒத்திகை பார்க்கும்போது மின் கிற்றாரின் கரகரப்பான பேரொலியாக மாற்றினார். மென்மையான காதல் பாடல்களால் அறியப்பட்டிருந்த குழுவிடமிருந்து இப்படியொரு சத்தம் வருமென அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

பாடல் 1994 செப்டெம்பரில் வெளியானது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், ஓகஸ்ட் 31இல், ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்திருந்தது. வட அயர்லாந்தில் 3,500க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மூன்று தசாப்த வன்முறையை முடிவுக்குக் கொண்டுவந்த பெரிய வெள்ளி உடன்படிக்கை கைச்சாத்தாக 1998 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விரல்கள் கற்றுக்கொள்வது

பாடலை வாசிக்கப் பல முறைகள் உண்டு. தொடக்கநிலையாளருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு விரல்களால் முடியும் முறை. தடித்த தந்தியை ஆறாவது என்றும், மிக மெல்லியதை முதலாவது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலாவது பிடி ‘ஈ மைனர்’. ஐந்தாம், நான்காம் தந்திகளை இரண்டாம் கட்டத்தில் அழுத்தி, ஆறு தந்திகளையும் மீட்ட வேண்டும். இரண்டாவது, ‘சி மேஜர் 7’. ஐந்தாம் தந்தியில் மூன்றாம் கட்டம், நான்காம் தந்தியில் இரண்டாம் கட்டம். ஆறாம் தந்தியைத் தொடக்கூடாது. மூன்றாவது, ‘ஜி 6’. ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டம், ஐந்தாம் தந்தியில் இரண்டாம் கட்டம். நான்காவது பிடிக்கு, ஆறாம் தந்தியில் இருக்கும் விரலை மட்டும் இரண்டாம் கட்டத்துக்குப் பின்னிழுத்தால் போதும். அங்கிருந்து மீண்டும் ஈ மைனர். ஒவ்வொரு பிடிக்கும் நான்கு தட்டுகள். வேகம் நிமிடத்துக்கு 80 தட்டுகளைச் சற்றுத் தாண்டும். மெதுவாக, 60இல் தொடங்குங்கள். பிடி மாறும்போது வலது கை நிற்காமல் இருந்தால்தான் வேகத்தைக் கூட்டலாம்.

இப்படி வாசிக்கும்போது இரண்டு விடயங்கள் விரலுக்குப் புரியும். மெல்லிய மூன்று தந்திகளும் நான்கு பிடிகளிலும் திறந்தபடியே ஒலிக்கின்றன; அவை மாறுவதே இல்லை. அடியில் உள்ள கனத்த சுரம் மட்டுமே நகர்கிறது. அதுவும் கடைசியில் படிப்படியாக இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. பாட்டு எங்கும் போய்ச் சேர்வதில்லை, சுழல்கிறது.

இரண்டாவது, சரணத்துக்கும் பல்லவிக்கும் ஒரே பிடிகள்தான். முணுமுணுப்பாகத் தொடங்கும் பகுதியும், தொண்டை கிழியும் பகுதியும் ஒரே அத்திவாரத்தில் நிற்கின்றன. மாறுவது வலது கையின் பலமும் ஒலியின் கரகரப்பும் மட்டுமே. சரணத்தில் தந்திகளை மெல்ல வருடுங்கள். பல்லவியில் எல்லா அடிகளையும் மேலிருந்து கீழாக, முழுப் பலத்தோடு அடியுங்கள். மௌனமும் அலறலும் ஒரே துயரத்தின் இரண்டு அளவுகள் என்பதைப் பாடல் வரிகளுக்கு முன்னரே இசை சொல்லிவிடுகிறது.

குரலுக்குள் ஒப்பாரி

ஓ’ரியோர்டனின் குரல் பல்லவியில் உடைந்து உடைந்து மேலேறும். அயர்லாந்தில் இறந்தவரின் உடலைச் சூழ்ந்து பெண்கள் பாடி அழும் ‘கீனிங்’ என்ற மரபு இருந்தது. தேவாலயத்தின் எதிர்ப்பாலும் காலமாற்றத்தாலும் 20ஆம் நூற்றாண்டில் அது ஏறத்தாழ மறைந்துபோனது. அவருடைய குரலில் அதன் சாயலைக் கேட்பவர்கள் பலர். ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்த ஒற்றுமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அழுகை எங்கே பாட்டாகிறது, பாட்டு எங்கே அழுகையாகிறது என்ற எல்லைக்கோடு இரண்டிலும் இல்லை. ஆகவே இந்தப் பாடலைச் ‘சுத்தமாக’ப் பாட முயல வேண்டாம். குரல் உடைந்தால் உடையட்டும்.

யார் அந்த ‘ஸொம்பி’?

ஹெய்ட்டி நாட்டு நம்பிக்கையில், ஸொம்பி என்பது கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டு, சொந்த விருப்பமின்றி இன்னொருவரின் ஏவலுக்கு நடமாடும் உடல். பாடலில் அது யாரைக் குறிக்கிறது என்பதற்கு மூன்று விதமான வாசிப்புகள் உண்டு.

முதலாவது, குண்டு வைத்தவர். 1916ஆம் ஆண்டைப் பாடல் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. அது டப்ளினில் பிரித்தானிய ஆட்சிக்கெதிராக ஈஸ்டர் எழுச்சி நடந்து, அதன் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட ஆண்டு. அந்தப் பழைய நியாயத்தைச் சுமந்துகொண்டு, சிந்திக்காமல் கொல்பவரே ஸொம்பி என்பது இந்த வாசிப்பு. இரண்டாவது, வேடிக்கை பார்க்கும் சமூகம். கொலைகள் பழகிப்போய், செய்தியைக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் எல்லோரும்.

மூன்றாவது வாசிப்பே எனக்கு நெருக்கமானது. பல்லவி திரும்பத் திரும்பச் சுட்டுவது தெருவையோ களத்தையோ அல்ல, தலையை. சண்டை அங்கேதான் இன்னும் நடக்கிறது. வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரர் பலர், விமானச் சத்தம் கேட்டால் இன்றும் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ‘கிபிர்’ வந்துபோன காலம் முடிந்துவிட்டது என்பது அறிவுக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியாது. யுத்தத்தை உடலில் சுமந்து திரிகிற எல்லோரையும் அந்தச் சொல் தொடுகிறது. இது பாடலாசிரியர் நினைத்த பொருளா என்பது வேறு விடயம். பாடல் வெளியானபின் அதன் பொருளில் கேட்பவருக்கும் பங்குண்டு.

பாடல் சொல்லாதது

இந்தப் பாடலை ஏற்க மறுத்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் வட அயர்லாந்தின் கத்தோலிக்க, தேசியவாத சமூகத்தைச் சேர்ந்தவர்கள். டிம் பரி இறந்த அதே மார்ச் 25ஆம் திகதி, காசில்ரொக் என்ற ஊரில் வேலைக்கு வந்த நான்கு கத்தோலிக்கரைப் பிரித்தானிய ஆதரவு ஆயுதக்குழு சுட்டுக்கொன்றது. அன்றே பெல்பாஸ்டில் 17 வயதுக் கத்தோலிக்க இளைஞர் ஒருவரும் கொல்லப்பட்டார். அவர்களுக்கு இந்தப் பாடலில் இடமில்லை. 1972 ஜனவரி 30இல் டெரி நகரில் பிரித்தானியப் படையினர் உரிமைப் பேரணியில் சுட்டு அன்றைய தினமே 13 பேரைக் கொன்றனர். அதற்குப் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கேட்க 38 ஆண்டுகள் சென்றன. வன்முறையின் வெளியே, தெற்கில் வாழ்ந்த ஒருவர் எங்கள் வரலாற்றை ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டார் என்பதே அவர்களின் குறை. 2023 செப்டெம்பரில் பாரிஸில் நடந்த உலகக் கிண்ண ரக்பிப் போட்டியில் அயர்லாந்து இரசிகர்கள் இதைக் கூட்டாகப் பாடியபோது அந்த விவாதம் மறுபடியும் எழுந்தது.

இந்தக் குறையில் நியாயம் உண்டு. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவதே தடுக்கப்பட்ட அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத்தூபி 2021 ஜனவரியில் ஓரிரவில் இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின்னரே மீளக் கட்டப்பட்டது. ஒரு தரப்பின் பிள்ளைகளுக்கு உலகம் பாட்டுப் பாடும்போது, பெயரே சொல்லப்படாத பிள்ளைகளின் தாய் என்ன நினைப்பாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆயினும் பாடலின் கடினமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. ஓ’ரியோர்டன் எதிரியின் குற்றத்தைப் பாடவில்லை. தன் இனத்தின் பெயரால் செய்யப்பட்ட கொலையைப் பாடினார். அது தன்னுடையதல்ல என்றார். அநீதி இழைக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்குள்ளிருந்து அப்படிச் சொல்வது எவ்வளவு சிரமம் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டது பற்றி எங்களிடம் எத்தனை பாடல்கள் இருக்கின்றன? அதைப் பாடுவதால் எங்கள்மீது விழுந்த எறிகணைகளின் கணக்குக் குறையப்போவதில்லை. துயரம் தராசுத்தட்டு அல்ல, ஒன்றை வைத்தால் மற்றது மேலெழ.

வோரிங்டனில் இறந்த டிம்மின் பெற்றோர் அதைச் செய்துகாட்டினார்கள். இரு சிறுவர்களின் பெயரால் ஓர் அறக்கட்டளையும், 2000இல் ஒரு சமாதான நிலையமும் அந்நகரில் உருவாகின. ஐ.ஆர்.ஏ.யின் முன்னாள் தளபதியும் பின்னர் சமாதானப் பேச்சாளருமான மார்ட்டின் மக்கினஸ் 2013இல் அங்கு வந்து உரையாற்றினார். அதன் பொருட்டு அந்தப் பெற்றோர் தங்கள் மகனை மறக்கவுமில்லை, நீதி கேட்பதை விடவுமில்லை.

எப்படிப் பாடுவது?

2018 ஜனவரி 15இல் ஓ’ரியோர்டன் இலண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. ‘பேட் வூல்வ்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘ஸொம்பி’ மறுஆக்கத்துக்கு அவர் குரல்கொடுக்கவிருந்தார். அவரில்லாமல் வெளியான அந்த ஆக்கத்தில் 1916 என்ற ஆண்டு 2018 ஆக மாற்றப்பட்டது. துப்பாக்கிகளின் பட்டியலில் ஆளில்லா விமானமும் சேர்ந்தது. ஆண்டை மாற்றினாலும் பாடல் அப்படியே பொருந்துகிறது என்பதுதான் அதன் பெருமையும், எங்கள் காலத்தின் வெட்கமும்.

கிற்றாரில் கற்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடும்முன் ஜொனதனையும் டிம்மையும் அறிந்துகொள்ளுங்கள். பாடலில் இடம்பெறாத காசில்ரொக்கையும் அறிந்துகொள்ளுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஆண்டொன்றை, உங்களுக்குத் தெரிந்த ஊரொன்றை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அந்த ஊர் உங்களுடையதாகவும் இருக்கலாம், உங்கள் பெயரால் பாதிக்கப்பட்டவர்களுடையதாகவும் இருக்கலாம். நான்கு பிடிகளும் இரண்டுக்கும் ஒன்றுதான்.