மக்கட் பிரதிநிதிகளின் ஊதியமும் மழலையர் பராமரிப்பும்



நாட்டுக்குச் சட்டம் இயற்றுவதற்கென மக்கள் தெரிந்தனுப்பும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதாயின் எதற்காகக் கொடுக்கிறோம்? அவர் ஆற்றும் தொண்டுக்குக் கூலியாகவா, அன்றி அவர் அத்தொண்டை ஆற்ற வந்து சேர்வதற்கு வேண்டிய வசதியாகவா? இவ்வினா மிகப் பழையது. இக்காலத்தில் இதனோடு வேறொரு வினாவும் சேர்ந்துள்ளது. இரவு வேளைகளிலும் வார இறுதி நாட்களிலும் கடமை அழைக்குமாயின், சிறு பிள்ளைகளையுடைய அங்கத்தவர் அப்பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்து வருவது? அதற்காகும் செலவு யாரைச் சார்ந்தது? மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை இரண்டு வினாக்கள். வரலாற்றை ஊன்றி நோக்குபவருக்கு இரண்டும் ஒன்றே.

கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில், கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில், பெரிக்கிளிஸ் என்னும் தலைவர் நீதிமன்றங்களில் அமர்ந்து தீர்ப்பு வழங்கும் சாதாரண குடிமக்களுக்கு நாட்படி கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் அவைக்கு வருவோருக்கும் அவ்வாறு படி வழங்கப்பட்டது. குயவனும் தச்சனும் ஒரு நாள் உழைப்பை விட்டு வந்தால் அன்றிரவு அடுப்பெரியாது. ஆதலால் அந்நாளின் இழப்பை நகரம் ஈடு செய்தது. இதனை எல்லோரும் விரும்பினாரல்லர். பெரிக்கிளிஸ் கொடுத்த படி ஏதென்ஸ் மக்களைச் சோம்பேறிகளாகவும் பேராசைக்காரராகவும் ஆக்கிவிட்டதென்ற குறை, பிளேட்டோவின் உரையாடலொன்றில் சோக்கிரதரின் வாயிலாகக் கூறப்படுகின்றது. அன்று எழுந்த அந்தக் குறைகூறல் இன்றும் ஓயவில்லை.

ஏதென்ஸ் நகரைப் பற்றி இன்னொன்றையும் மறத்தலாகாது. அந்த அவையிலே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. குடிமகன் தன் நாட்படியைப் பெற்று அவையில் அமர்ந்திருந்தபோது, அவன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்களே. ஆகவே பிள்ளை வளர்ப்புக்கு ஒரு விலையுண்டு என்ற எண்ணம் அங்கு எவருக்கும் தோன்றவில்லை.

இனி, 1947 ஆம் ஆண்டில் இலங்கையில் அமைந்த பாராளுமன்றத்துக்கு முன்மாதிரியாய் விளங்கிய வெஸ்ட்மின்ஸ்டருக்குச் செல்வோம். இங்கிலாந்தின் மத்திய காலத்திலே பாராளுமன்றத்துக்கு வந்தோர் ஊதியமின்றி வரவில்லை. கோட்டங்களின் பிரதிநிதியான வீரருக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங், நகரங்களின் பிரதிநிதிக்கு 2 ஷில்லிங் என்ற வீதத்தில், அவரவரை அனுப்பிய ஊராரே கொடுத்தனர். காலப்போக்கில் செல்வர்கள் தம் சொந்தச் செலவிலேயே செல்ல முன்வந்தனர். ஊராருக்கும் அது இலாபமாயிற்று. ஊதிய வழக்கம் மெல்ல மறைந்தது. 1678 இல் மறைந்த கவிஞர் அந்திரு மார்வெல், தம்மை அனுப்பிய ஹல் நகரத்தாரிடம் ஊதியம் பெற்ற கடைசிச் சிலருள் ஒருவராவார்.

இலவசமாய் உழைப்பவரைத் தேடிய ஊரார், தம்மைப் போன்ற எளியவரை அனுப்பும் உரிமையை அதனோடு சேர்த்து இழந்தனர். 1710 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. கோட்டத்தின் பிரதிநிதிக்கு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 600 பவுண் வருமானமும், நகரத்தின் பிரதிநிதிக்கு 300 பவுண் வருமானமும் இருத்தல் வேண்டுமென அது விதித்தது. முதலில் ஏழைக்குக் கொடுப்பது நின்றது. பின்னர் ஏழை வருவதே சட்டவிரோதமாயிற்று.

இவ்வநீதியை எதிர்த்து எழுந்தவர்களே சாசன இயக்கத்தார். 1838 இல் அவர்கள் வெளியிட்ட மக்கட் சாசனம் ஆறு கோரிக்கைகளைக் கொண்டது. அங்கத்தவருக்குச் சொத்துத் தகுதி வேண்டாம் என்பது அவற்றுள் ஒன்று. அங்கத்தவருக்குச் சம்பளம் வேண்டும் என்பது மற்றொன்று. 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுக்களை அவர்கள் சமர்ப்பித்தனர். பாராளுமன்றம் அவற்றுக்கு இணங்கவில்லை. சொத்துத் தகுதி 1858 இல் நீங்கியது. சம்பளக் கோரிக்கையோ அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

அக்கோரிக்கையை மறுத்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று எண்ணலாகாது. ஜோன் ஸ்டுவார்ட் மில் என்னும் பேரறிஞர், 1861 இல் வெளிவந்த தமது நூலில், அங்கத்தவருக்குச் சம்பளம் கொடுத்தால் அப்பதவியைப் பிழைப்பாகக் கருதும் கீழ்த்தரமானோர் அதனை நாடி ஓடிவருவர் என அஞ்சினார். தகுதியுடைய ஏழை ஒருவர் கிடைத்தால், அந்திரு மார்வெலுக்குச் செய்தது போல, வாக்காளரே பணம் சேர்த்து அவரைத் தாங்கலாம் என்பது அவர் கருத்து. அதே மில், பின்னர் பாராளுமன்ற அங்கத்தவராகி, 1867 இல் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமெனத் திருத்தப் பிரேரணை கொண்டு வந்தவர். பெண்களுக்கு உரிமை வேண்டுமென்று கேட்ட அவருக்கும், உரிமையைப் பயன்படுத்தக் கையிற் பொருள் வேண்டுமென்பது போதிய அளவு புலப்படவில்லை.

1874 இல் சுரங்கத் தொழிலாளர் இருவர் பொதுமக்கள் சபையில் அமர்ந்தனர். தொழிலாளரின் சங்கங்களே இத்தகைய அங்கத்தவர்களுக்கு வாழ்க்கைச் செலவைக் கொடுத்து வந்தன. மில் சொன்ன வழி இதுவே எனலாம். ஆனால் 1909 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழியும் அடைபட்டது. ஒஸ்போன் என்னும் புகையிரத நிலையத் தொழிலாளி தொடுத்த வழக்கில், தொழிற்சங்கங்கள் தம் நிதியை அரசியலுக்குச் செலவிடுதல் சட்டத்துக்கு மாறானது எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தொழிற்கட்சி அங்கத்தவர் பலர் ஒரே தீர்ப்பில் வருவாயை இழந்து நின்றனர்.

1911 ஆகஸ்ட் 10 ஆம் தேதி. பிரபுக்கள் சபை தன் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்துக்கு இணங்கிய நாளும் அதுவே. அன்றுதான் பொதுமக்கள் சபை தன் அங்கத்தவருக்கு ஆண்டுக்கு 400 பவுண் வழங்கத் தீர்மானித்தது. நிதி மந்திரியாயிருந்த லொயிட் ஜோர்ஜ், இது சேவைக்குக் கைம்மாறுமன்று, சம்பளமுமன்று. வர விரும்பியும் வர இயலாதிருப்போர் வருவதற்கு உதவும் ஒரு படியே என்று விளக்கினார். இவ்விளக்கத்தை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். பணம் கொடுப்பது பதவியிலிருப்பவரை மகிழ்விப்பதற்காகவன்று; பதவிக்கு வர முடியாமல் வெளியே நிற்பவருக்குக் கதவைத் திறப்பதற்காகவே.

ஆயினும் 1911 இல் திறந்த கதவு ஆண்களுக்கே திறந்தது. பெண்கள் தேர்தலில் நிற்கும் உரிமை 1918 இல் வந்தது. 1919 இல் நான்சி அஸ்ரர் சீமாட்டி முதற் பெண்ணாகச் சபையில் அமர்ந்தார். அவர் ஆறு பிள்ளைகளின் தாய். ஆனால் பெருஞ் செல்வரின் மனைவி. பிள்ளைகளைப் பார்க்கப் பணியாளர் இருந்தனர். சாதாரண குடும்பத்துத் தாயொருத்திக்கு அவ்வசதி ஏது? சபையோ பிற்பகலில் தொடங்கி இரவு நெடுநேரம் வரை கூடியது. காலையில் நீதிமன்றத்திலோ வியாபாரத்திலோ பொருளீட்டிவிட்டு மாலையில் சபைக்கு வந்த கனவான்களுக்கு ஏற்ற நேரம் அது. பிள்ளைக்குச் சோறூட்டித் துயில வைக்கும் நேரமும் அதுவேயென்பதை அக்கால அட்டவணை கவனிக்கவில்லை. பெண்களுக்கு உரிமை கிடைத்து அறுபத்தைந்து ஆண்டுகள் சென்ற பின், 1983 ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 650 ஆசனங்களுள் 23 மாத்திரமே பெண்களுக்குக் கிடைத்தன. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நேரமும் ஒன்று.

மாற்றம் மெல்லவே வந்தது. 2010 இல் வெஸ்ட்மின்ஸ்டரிலே அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கும் அங்கு வேலை செய்வோரின் பிள்ளைகளுக்குமாக ஒரு பராமரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது ஒரு மதுச்சாலை. 2012 இல் செவ்வாய்க்கிழமைகளில் சபை முற்பகலிலேயே தொடங்கி மாலையில் முடியுமாறு நேரம் திருத்தப்பட்டது. 2019 ஜனவரியில் ரியூலிப் சித்தீக் என்னும் அங்கத்தவர், தமது பிரசவ சத்திரசிகிச்சையைப் பிற்போட்டு, சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். அதே மாதத்தில், பிரசவ காலத்திலுள்ள அங்கத்தவர் தமக்குப் பதிலாக வேறொருவர் வாக்களிக்க ஏற்பாடு செய்யும் முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2020 இல் நிலைபெற்றது.

எஞ்சி நிற்பது வார இறுதிப் பிரச்சினை. பொதுமக்கள் சபை சனிக்கிழமையில் கூடுவது அரிது. 1939 இல் போர் மூளும் தறுவாயிலும், 1956 இல் சூயெஸ் நெருக்கடியின்போதும், 1982 இல் போக்லந்துத் தீவுகள் தாக்கப்பட்டபோதும் அவ்வாறு கூடியது. பின்னர் 37 ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 19 ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகும் உடன்பாட்டை ஆராயவும், 2025 ஏப்ரல் 12 ஆம் தேதி, உருக்குத் தொழிலைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றவும் கூடியது. ஆனால் சபை கூடாத சனிக்கிழமைகளிலும் அங்கத்தவருக்கு ஓய்வில்லை. தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்பது பெரும்பாலும் வெள்ளியும் சனியுமே. பராமரிப்பு நிலையங்களோ பொதுவாக வார நாட்களுக்கென அமைந்தவை.

உள்ளூராட்சி மன்றங்களில் இந்நெருக்கடி இன்னும் கடுமையானது. அங்கு கூட்டங்கள் பல மாலையில் நடைபெறுகின்றன; கிடைக்கும் படியும் சிறிது. இங்கிலாந்தில் 2003 ஆம் ஆண்டின் விதிகள், மன்றக் கடமைக்காகச் செல்லும் உறுப்பினருக்குப் பிள்ளைகளையோ முதியோரையோ பராமரிக்க ஏற்படும் செலவை ஈடு செய்ய மன்றங்களுக்கு அனுமதி அளித்தன. கொடுத்தே ஆக வேண்டுமென அவை கட்டளையிடவில்லை; ஒவ்வொரு மன்றமும் தானே முடிவு செய்யலாம். ஆகவே ஓர் ஊரில் ஏழைத்தாய்க்குத் திறந்திருக்கும் கதவு, அடுத்த ஊரில் மூடியிருக்கக் கூடும்.

இதற்கு எதிராக மக்கள் கேட்கும் கேள்வியொன்று உண்டு. அது நியாயமான கேள்வி. மருத்துவமனைத் தாதியும், பஸ் சாரதியும், கடைச் சிப்பந்தியும் வார இறுதியில் உழைக்கவில்லையா? அவர்களின் பிள்ளைகளைப் பார்ப்பதற்குப் பொதுப்பணம் கொடுபடுகின்றதா? 2025 ஏப்ரலில் ஆண்டுச் சம்பளம் 93,904 பவுணாக உயர்ந்த பாராளுமன்ற அங்கத்தவருக்கு இன்னும் சலுகை எதற்கு? மேலும், 2009 இல் அங்கத்தவர் பலர் செலவுப் பணத்தை முறைகேடாகப் பெற்ற செய்தி வெளியாகி நாடே கொதித்தது. தம் செலவைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களிடமிருந்து நீக்கப்பட்டு, சுதந்திரமான அதிகார சபையொன்றிடம் அன்றே ஒப்படைக்கப்பட்டது. சூடுகண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பர். வரி கொடுப்போரின் ஐயத்தைப் பழித்துப் பயனில்லை.

அந்த ஐயத்துக்கு விடையளிக்கும் வழி, வெளிப்படையான கணக்கும், பற்றுச்சீட்டும், பெறுபவர் கையிலில்லாத தீர்மானமுமே. உதவியே வேண்டாம் என்பது விடையாகாது. தாதியின் பிள்ளைக்கு வார இறுதியில் பராமரிப்பு நிலையம் வேண்டுமென்பதை எந்தச் சபை தீர்மானிக்கப் போகின்றதோ, அந்தச் சபையில் அத்துன்பத்தை அறிந்த ஒருவரேனும் இருத்தல் வேண்டாமா? தாதியே ஒருநாள் அங்கு சென்று அமர விரும்பினால், செல்ல இயலுதல் வேண்டாமா? 2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் 263 பெண்கள் தெரிவாயினர். அவர்களுள் சிறு பிள்ளைகளின் தாயர் நிலைத்து நிற்பதும், அவர்களைப் போன்றோர் மேலும் வருவதும் இத்தகைய சிறு ஏற்பாடுகளைப் பொறுத்தவை. தந்தையருக்கும் இஃது ஒக்கும்.

சாசன இயக்கத்தார் கேட்டதற்கும் லொயிட் ஜோர்ஜ் கொடுத்ததற்கும் இடையே 73 ஆண்டுகள் கடந்தன. அந்நெடுங்காலத்தில் எத்தனை அறிவுடைய தொழிலாளர் தம் ஊரின் குறையை எடுத்துரைக்கும் வாய்ப்பின்றி மறைந்தனரோ, அதற்குக் கணக்கில்லை. பிரதிநிதிக்குக் கொடுக்கும் பணத்தின் கணக்கு ஆண்டுதோறும் அச்சாகி வெளிவருகின்றது. கொடுக்காமல் விட்டதனால் நாடு இழந்தவர்களின் கணக்கோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. மக்களாட்சியின் செலவைக் கணக்கிடுவோர் இரண்டையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.