மின்வாரியத்திலிருந்து வந்த இயக்குநர்

இத்தாலிய சினிமா என்றதும் நம்மவர்கள் ஃபெலினி, டி சிகா என்று தொடங்குவார்கள். நான் எர்மான்னோ ஓல்மியிலிருந்து தொடங்குவேன். 1931இல் பெர்கமோவில் பிறந்த இவர், மிலானில் எடிசன் வோல்ட்டா மின் நிறுவனத்தில் குமாஸ்தா. அணைக்கட்டுகளையும் தொழிலாளர்களையும் பற்றி அந்த நிறுவனத்துக்காகவே ஆவணப்படங்கள் எடுத்துக் கேமராவைப் பழகினார். 1961இல் வந்த 'இல் போஸ்தோ'வில் ஒரு குமாஸ்தா இறந்ததும் காலியான மேசைக்கு மற்றவர்கள் முண்டியடிக்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் அப்படி எடுக்க முடியும்.

1978இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற 'மரக்காலணி மரம்' அவருடைய உச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. ஒரே பண்ணை வளாகத்தில் நான்கு குடியானவக் குடும்பங்கள். விளைச்சலில் பெரும்பங்கு பண்ணையாருக்கு. நடித்தவர்கள் பெர்கமோ பகுதி விவசாயிகள், பேசியது அவர்களுடைய வட்டார மொழி. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் ஓல்மியே.

அதில் தாத்தா அன்செல்மோ கோழி எச்சத்தை உரமாகப் போட்டு, ஊருக்கு முன்பே தக்காளியைப் பழுக்க வைக்கிறார். பேத்தியைத் தவிர யாருக்கும் அந்த ரகசியம் தெரியாது. இன்னொரு வீட்டில், பள்ளிக்கு நடந்து போகும் மகனின் மரக்காலணி உடைந்துவிடுகிறது. அப்பா இரவோடு இரவாகப் பண்ணையாரின் மரத்தை வெட்டிப் புதியது செதுக்குகிறார். விஷயம் தெரிந்ததும் குடும்பமே வெளியேற்றப்படுகிறது. வண்டியில் சாமான் ஏறும்போது அக்கம்பக்கத்தார் வெளியே வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம் புரிந்தது.

ஓல்மி 2018இல் மறைந்தார். மூன்று மணி நேரம் ஒதுக்கி அந்தப் படத்தைப் பாருங்கள்.