சேவற்கொண்டை சொல்லும் வரலாறு

ஆண்டுதோறும் தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள், டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயிலை அடைந்து நிறைவுறுகின்றன. 1859ஆம் ஆண்டில் நகரத்தார் எழுப்பிய அத்திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் தெய்வத்திற்குச் சேவலே கொடி. சிவந்த கொண்டையை நிமிர்த்தி நிற்கும் அப்பறவையை ஓவியத்திலும் சிற்பத்திலும் கண்டு தொழுவோர் பல்லாயிரவர். ஆயினும், உயிருள்ள சேவலொன்றின் கொண்டை கிழிந்து குருதி வழியுமானால், அதனைக் கையிலெடுத்து ஆற்ற வேண்டிய முதலுதவி இன்னதென அறிந்தோர் அப்பெருங்கூட்டத்தில் எத்துணைப் பேர் இருப்பர்?

வினா சிறியதுதான். எனினும், சிங்கப்பூர்த் தமிழரின் இல்லங்களிலிருந்து விடைபெற்றுச் சென்ற ஓர் அறிவின் வரலாறு அதனுள் அடங்கியுள்ளது. அரசர்தம் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே வரலாறு என எண்ணுவது பொருந்தாது. கொல்லைப்புறத்தில் ஒரு மூதாட்டி கோழியைப் பிடித்து மடியில் வைத்து மஞ்சள் தடவியதும் வரலாறே ஆகும்.

மனையுறை பறவை

கோழி இனத்தின் முன்னோடி, தென்கிழக்காசியக் காடுகளில் இன்றும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. தாய்லாந்து நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகள், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னரே கோழி மனிதனோடு வாழத் தொடங்கியதைக் காட்டுவதாக 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. நெல்லும் தினையும் விளைந்த இடத்தில், சிதறிய மணிகளை நாடிக் காட்டுப்பறவை மனிதனின் வாயிலுக்கு வந்தது என்பது அவ்வாய்வாளர் கருத்து.

தமிழகத்திலும் இவ்வுறவு தொன்மையானது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்களுள் சேவலின் உருவமும் உண்டு. உறையூருக்குக் கோழி என்னும் பெயர் வந்தது, யானையை எதிர்த்து வென்ற ஒரு கோழியால் என்பது பழங்கதை. குறுந்தொகையின் 305ஆம் பாடலை இயற்றிய புலவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. அவர் கையாண்ட உவமையால் குப்பைக்கோழியார் என்னும் பெயரே நிலைத்தது. ஏவுவாரும் விலக்குவாரும் இன்றிக் குப்பைமேட்டில் இரு கோழிகள் பொருது தாமே ஓய்வதைத் தலைவியின் காமநோய்க்கு அவர் உவமையாக்கினார். அத்தகைய போரில் முதலில் புண்படுவது கொண்டையே என்பதைக் கோழி வளர்த்தோர் அறிவர்.

விழுப்புரம் பகுதியிலுள்ள அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் கிடைத்த பழைய நடுகற்கள் இவ்வுறவின் உச்சம் எனலாம். வீரர்க்கு நாட்டுவது போலவே, போரிட்டு மாண்ட கோழிக்கும் நம் முன்னோர் கல் நாட்டினர். ஒரு கல்லில் மேற்சேரிக் கோழியும் மற்றொன்றில் கீழ்ச்சேரிக் கோழியும் குறிக்கப்படுகின்றன. கீழ்ச்சேரிக் கோழிக்குப் பொற்கொற்றி என்னும் பெயரும் இருந்தது. பெயரிட்டு வளர்த்து, மாண்டபின் கல்லெடுத்த மக்கள், அது புண்பட்டபோது வாளா இருந்திருப்பரோ?

கொண்டையின் இயல்பு

கொண்டையை வெறும் அழகுறுப்பு எனக் கருதுதல் பிழை. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆதலின், உடலின் மிகை வெப்பத்தை வெளியேற்றும் வாயில்களுள் ஒன்றாகக் கொண்டையும், அலகின் கீழ்த் தொங்கும் தாடியும் பயன்படுகின்றன. மென்தோலின் அடியில் நுண்ணிய குருதிக்குழாய்கள் நெருங்கிப் பரவியிருப்பதே அதன் செந்நிறத்திற்குக் காரணம். சிறு கீறல் பட்டாலும் குருதி பெருகுவதும் அதனாலேயே. பார்ப்பதற்கு அச்சந் தரும் அளவிற்குக் குருதி வழிந்தாலும், பெரும்பாலான கொண்டைக் காயங்கள் உயிருக்கு ஊறு செய்வன அல்ல. உண்மையான தீங்கு பின்னரே வருகின்றது. சிவந்த புண்ணைக் கண்ட பிற கோழிகள் அதனையே நாடிக் கொத்தும். வெப்ப நாடுகளில் ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

ஆகவே மருத்துவத்தின் முதற்படி, காயம்பட்ட கோழியைப் பிரித்துவைத்தலாகும். அதனைத் துணியால் போர்த்திக் கண்ணை மறைத்தால் அடங்கியிருக்கும். தூய துணியைக் காயத்தின்மேல் வைத்துச் சில நிமிடங்கள் விடாது அழுத்தக் குருதி நிற்கும். கொதிக்கவைத்து ஆறிய உப்புநீரால் புண்ணைக் கழுவி, மஞ்சளை மையாகக் குழைத்துத் தடவுவதும், ஈ அண்டாதிருக்கச் சுற்றிலும் வேப்பெண்ணெய் பூசுவதும் தமிழர் இல்லங்களில் வழங்கிய முறைகள். கண்ணிலும் மூக்குத் துளையிலும் எண்ணெய் படலாகாது. பொருக்கு தானே உதிரும்வரை அதனைப் பெயர்த்தலும் கூடாது. புண் ஆறும்வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஆறியபின் இரவில் மற்றக் கோழிகள் உறங்கும்போது கூட்டில் சேர்ப்பர். விடிந்ததும் உடனிருப்பதைக் கண்ட பிற கோழிகள் பூசலின்றி ஏற்றுக்கொள்ளும் என்பது பட்டறிவு.

இக்காலக் கால்நடை மருத்துவர் மஞ்சளுக்கு மாற்றாக அயோடின் கரைசலைக் கூறுவர். ஆழ்ந்த கிழிசலாயின் தையலிடுவர். எனினும் பிரித்தல், அழுத்துதல், கழுவுதல், காத்தல் என்னும் வரிசை மாறவில்லை. அறிவியல் வந்து பாட்டியின் கையைத் தள்ளிவிடவில்லை. கையிலிருந்த மருந்தை மட்டுமே மாற்றிற்று.

கம்பத்துக் கொல்லையில்

சிங்கப்பூரில் சேவல் சட்டத்தின் பார்வைக்கு மிக முன்னரே வந்துவிட்டது. ராபிள்ஸ் 1823ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுங்குவிதிகளுள் ஒன்று, சூதாட்ட விடுதிகளோடு சேவற்சண்டைக் களங்களையும் தடைசெய்தது. அச்சட்டத்தின் கவலை பறவையின் புண்ணைப் பற்றியதன்று. பந்தயத்தில் அழியும் பணத்தைப் பற்றியது. சண்டைச் சேவலின் கொண்டையை எதிரி பற்றாதிருக்க முன்னதாகவே அறுத்துவிடும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இருந்தது. ஒரு சாரார் ஆதாயத்திற்காகக் கொண்டையை அறுக்க, மறுசாரார் அதே கொண்டைக்கு மருந்திட்டனர் என்பது எண்ணத்தக்கது.

லிட்டில் இந்தியா வட்டாரத்தின் பெயர்களே கால்நடைகளின் நினைவைச் சுமப்பன. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை, லெம்பு சாலை ஆகிய அனைத்தும் எருமையையும் பசுவையும் நினைவூட்டுகின்றன. கோழிக்கோ எனில் அங்குத் தெருப்பெயர் அமையவில்லை. அது தெருவுக்குரியதன்று, வீட்டுக்குரியது. தேக்காச் சந்தையில் கூண்டுக்குள் விலைபேசப்பட்ட கோழி, நகரின் புறத்தே கம்பத்து வீடுகளில் கொல்லையெங்கும் மேய்ந்து திரிந்தது.

அங்கே கோழி மருத்துவம் பெரிதும் பெண்டிர் கையில் இருந்தது. முட்டையும் குஞ்சும் குடும்பத்தின் சிறுசேமிப்பு. விருந்தினர்க்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அச்சேமிப்பே உதவியது. ஒரு பெட்டைக்கோழியை இழப்பது பொருளிழப்பாகும். ஆதலின், நாள்தோறும் தீவனமிடும்போதே அவர்கள் கொண்டையை நோக்கினர். செந்நிறம் நலத்திற்கு அடையாளம், வெளிறினால் குருதிக்குறை, கருநீலமானால் பெருநோயின் அறிகுறி. கொண்டையில் கருநிறப் பொருக்குகள் தோன்றினால் அது கொத்துப்பட்ட புண்ணா, அம்மையா எனப் பிரித்தறிய வேண்டியிருந்தது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட கோழி வளர்ப்பு நூல்கள் உறைபனியால் கொண்டை கருகுவதை முதன்மையாகப் பேசும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இத்தீவில் பனியேது? இங்குப் பகை கொசுவே. கோழியம்மையைப் பரப்பும் நச்சுயிரி கொசுக்கடியாலும் தொற்றுகின்றது. தனித்த ஒரு கீறல் காயமெனக் கொள்ளத்தக்கது. பல கோழிகளின் கொண்டையிலும் தாடியிலும் கண்ணிமையிலும் மருப்போன்ற கொப்புளங்கள் எழுந்தால் அஃது அம்மையாம். முன்னதற்கு மருந்து, பின்னதற்கு மருந்தோடு விலக்கும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்த கண், எழுத்தறியாத கண்ணாயினும் கல்வியுடைய கண் அன்றோ!

கொண்டை தந்த கொடை

மனிதன் கொண்டைக்குச் செய்த உதவியைக் காட்டிலும், கொண்டை மனிதனுக்குச் செய்த உதவி பெரிது. 1849ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் அர்னால்டு பெர்த்தோல்டு, விதை நீக்கப்பட்ட சேவல்களின் கொண்டை சுருங்குவதையும், விதையை மீண்டும் உடலுள் பொருத்தியபோது கொண்டை வளர்வதையும் கண்டார். இயக்குநீர் அறிவியலுக்கு வித்திட்ட ஆய்வாக அது போற்றப்படுகின்றது. 1902ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் வில்லியம் பேட்சன், மெண்டலின் மரபு விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைக் கோழியின் கொண்டை வடிவங்களைக் கொண்டு நிறுவினார். சேவற்கொண்டையிலிருந்து பிரித்தெடுக்கும் ஹயலுரானிக் அமிலம் முழங்கால் மூட்டுவலிக்கு ஊசிமருந்தாகப் பயன்பட்டு வருகின்றது. பாட்டி மருந்திட்ட அதே கொண்டை, பாட்டியின் முழங்காலுக்கே மருந்தானமை காலத்தின் கைம்மாறு போலும்.

மாறிய வாழ்வு

1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அடுக்குமாடி வீட்டில் நீரும் மின்சாரமும் நற்சுகாதாரமும் கிடைத்தன, கொல்லை கிடைக்கவில்லை. மாடி வீட்டில் கோழி வளர்க்க இசைவும் இல்லை. 1959ஆம் ஆண்டில் அமைந்த முதல்நிலை உற்பத்தித் துறையின் துணையோடு, 1970களில் கோழியிலும் முட்டையிலும் தன்னிறைவு பெற்றிருந்த நாடு, நிலத்தையும் நீரையும் கருதிப் பின்னர்ப் பண்ணைகளைச் சுருக்கிக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் சந்தைகளில் உயிர்க்கோழியை அறுக்கும் வழக்கமும் முடிவுற்றது. அதன்பின் நகரத்துக் குழந்தை கண்டது கொண்டையற்ற கோழியையே.

1997ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் பறவைக்காய்ச்சல் மனிதரைத் தாக்கியது. 2004ஆம் ஆண்டில் அது தென்கிழக்காசியா எங்கும் பரவியபோது, ஒரு சேவலின் நோய் ஓர் இல்லத்தின் கவலையாக மட்டும் நிற்கவில்லை, நாட்டின் கவலையாயிற்று. தரைவீடுகளில் பத்துக்கு மிகாமல், காட்டுப் பறவைகள் அணுகாத கூண்டுக்குள் வளர்க்கலாம் என்னும் வரையறை வந்தது. கருநீலக் கொண்டையைக் கண்டால் மஞ்சளைத் தேடுதல் ஆகாது. அதிகாரிகளுக்கு அறிவித்தலே கடமை. 1823ஆம் ஆண்டுச் சட்டம் சூதை அஞ்சியது. இக்காலச் சட்டம் நோயை அஞ்சுகின்றது. அவ்வச்சத்தில் நியாயம் உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும் மனம் சட்டத்தோடு அடங்குவதில்லை. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளை, இரைச்சல் பற்றிய முறையீடுகளைத் தொடர்ந்து அதிகாரிகள் பிடித்துக் கருணைக்கொலை செய்தனர். நகரமெங்கும் அதுபற்றி வாதம் எழுந்தது. விடியலில் கூவும் ஒலி சிலர்க்கு இடையூறு. சிலர்க்கோ இழந்த கம்பத்தின் குரல். கோழியைக் காப்பதும் மக்களைக் காப்பதும் காப்பே. ஒன்று மடியில் வைத்துக் காப்பது. மற்றொன்று விலக்கி வைத்துக் காப்பது. முன்னதை அறிந்த கைகள் இல்லாத நாட்டில் பின்னது மட்டுமே எஞ்சும்.

எஞ்சியிருப்பது

தமிழகத்தில் இவ்வறிவு முற்றிலும் மறையவில்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் அமைத்த மரபுசார் மூலிகை மருத்துவ மையம், மஞ்சள், வேப்பிலை, துளசி முதலியவற்றால் கோழியம்மைக்கு மருந்து செய்யும் முறையை உழவர்க்குக் கற்பித்தது. பாட்டியின் வாய்மொழி அங்கே பாடமாகிவிட்டது. சிங்கப்பூரிலோ எஞ்சியிருப்பவை சொற்கள். கொண்டை, தாடி, பெட்டை, விடை, அடை, பஞ்சாரம் என்பவற்றை அகராதியில் காட்டலாம். மாலையில் தொடுக்கும் கோழிக்கொண்டைப் பூவைக் காட்டி, இதற்கு இப்பெயர் ஏன் வந்தது என மாணவரை வினவலாம். ஆனால் பஞ்சாரத்தைக் கவிழ்த்த கையே அச்சொல்லுக்கு உரையாசிரியர். அத்தகைய கைகளை உடைய முதியோர் இன்னும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்து இருக்கைகளில் மாலைதோறும் அமர்ந்துள்ளனர்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்னும் பழமொழியை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், மாணவர் ஒவ்வொருவரையும் தத்தம் பாட்டியிடமும் தாத்தாவிடமும் அனுப்பி, காயம்பட்ட கோழிக்கு அவர்கள் என்ன செய்தனர் எனக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அவ்வேட்டின் சில பக்கங்களில் மஞ்சளின் மணமும் கம்பத்தின் விடியலும் தங்கும். வரலாற்றை எழுதுவோர் பிற்காலத்தில் தேடப்போகும் சான்று அதுவே. கேட்பார் இருக்கும்வரைதான் சொல்வாரும் இருப்பர்.