மீத்தேன் வந்த கதையும் போன கதையும்

சென்னையில இருக்கிற மச்சினன் மகன் பொங்கலுக்கு வந்தப்ப கேட்டான்: "டெல்டாவைத்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா ஆக்கிட்டாங்களே மாமா, இனி என்ன கவலை?"

அந்தச் சட்டம் வந்த கதையைச் சொன்னாத்தான் பதில் புரியும்.

எங்க கூத்தாநல்லூருக்குப் பக்கத்துலதான் மன்னார்குடி. 2010-ல் அந்த ஊர் பேரைச் சொல்லி, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்ட வயலுக்கு அடியில இருக்கிற நிலக்கரியிலேருந்து மீத்தேன் எடுக்க ஒரு தனியார் கம்பெனிக்கு மத்திய அரசு ஒப்பந்தம் கொடுத்தது. நிலக்கரியில ஒட்டியிருக்கிற வாயு வெளியே வரணும்னா, அதை அமுக்கி வச்சிருக்கிற தண்ணியை முதல்ல இறைச்சுக் கொட்டணும். அப்படி இறைச்சா நிலத்தடி நீர் இறங்கி, கடல்தண்ணி உள்ளே வந்துடும்னு பயந்தோம். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா வந்து இதைத்தான் எடுத்துச் சொன்னார். அந்தப் போராட்டத்துக்கு நடுவுலதான், 2013 டிசம்பர் 30 அன்னிக்கு, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில காலமானார். அந்த வருஷமே திட்டத்தை நிறுத்தி வச்சு வல்லுநர் குழு போட்ட தமிழக அரசு, 2015-ல் வேண்டாம்னே முடிவெடுத்தது.

சட்டம் வந்தது 2020 பிப்ரவரியில. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில சில வட்டாரங்களும் அதுக்குள்ள வரும். புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது. ஆனா ஏற்கெனவே நடந்துக்கிட்டிருந்த வேலைக்குத் தடை இல்லை. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி பேரெல்லாம் நிலக்கரி ஏலப் பட்டியல்ல வந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினப்புறம் எடுத்துட்டாங்க.

கீழே தோண்டுறதுக்குத் தடை வந்தாச்சு. மேலேருந்து கொட்டுற மழைக்கு என்ன பண்றது? 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையெல்லாம் சாய்ச்சுது. 2021 ஜனவரியில, மழை ஓய வேண்டிய மாசத்துல, விடாம பெஞ்சுது. அறுப்புக்கு நின்ன என் சம்பா மூணு மா நிலமும் தண்ணியில சாஞ்சு, கதிர்லயே முளைச்சுடுச்சு. ஒரு ஏக்கர் அது. வீட்டுக்காரி அதை அள்ளிக் கோழிக்குப் போட்டா.

அன்னிக்கு மழையைவிட அதிகமாக் கெடுத்தது வடியாம நின்ன தண்ணிதான். ஜூன் 12 மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடி பாசன வாய்க்காலைத் தூர்வாரணும்னு எல்லாரும் கேக்குறோம். வடிகாலை யாரும் கேக்குறதில்லை. எங்க வயல் வடிகால்ல நெய்வேலி காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்துச்சு. எங்க அப்பா காலத்துல வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கி வெட்டுவாங்க. நாங்கதான் விட்டுட்டோம்.

மச்சினன் மகன்கிட்ட, "சட்டம் நிலத்தைக் காப்பாத்தும்டா. நெல்லைக் காப்பாத்த இதை வெட்டணும்"னு சொல்லி அரிவாளைக் கொடுத்தேன். அரை மணி நேரம் வெட்டினான். கையெல்லாம் கொப்புளம். அடுத்த வருஷமும் வர்றேன்னு சொல்லியிருக்கான்.