எண்ணும் பெயரும்: முதல் உலகப் போர் வீரர்க்கான அரச நன்றியறிதல்

போரிலிருந்து மீண்டோர்க்கு அரசர் பெயரால் அளிக்கப்பட்ட நன்றி மடல், பரிவின் வெளிப்பாடு மட்டுமன்று. அரசு ஒருவரைத் தனி மனிதராக ஏற்றதா, தொகையுள் ஒருவராகக் கணக்கிட்டதா என்பதைக் காட்டும் சான்றாகவும் அது அமைகிறது. முதல் உலகப் போரை ஒட்டி எழுந்த நன்றியறிதல் வடிவங்களை இந்நோக்கில் ஒப்பிடுவது இக்கட்டுரையின் பொருளாகும்.

1918இல் சிறைமீண்ட பிரித்தானியப் போர்க்கைதிகளுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மடல் வழங்கப்பட்டது. அது மன்னரின் கையெழுத்தைக் கல்லச்சில் படியெடுத்துப் பரப்பிய ஒரே வாசகம். பெறுபவரின் பெயர் அதில் இல்லை. மாறாக, போரில் இறந்தோரின் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட வெண்கல நினைவுத் தகட்டில் இறந்தவரின் பெயர், பதவி குறிக்கப்படாமல், புடைப்பெழுத்தாக இடம்பெற்றது. தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதே அதன் கருத்து.

இக்கருத்து இந்தியர்பால் முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. இப்போரில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணியாற்றினர். ஏறத்தாழ 74,000 பேர் உயிரிழந்தனர். அவர்களை அனுப்பிய ஊர்களில் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. வேலூர்க் கல்வெட்டு, அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதையும் அவர்களுள் 14 பேர் மாண்டதையும் ஆங்கிலத்தில் கூறுகிறது. ஒருவர் பெயரும் அதில் இல்லை. 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இந்திய அதிகாரிகள் பெயரால் குறிக்கப்பட்டனர். படைவீரர்களோ படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையால் மட்டுமே குறிக்கப்பட்டனர். இவ்வேறுபாட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

சென்னை நந்தம்பாக்கத்தில் இவ்வாணையம் பேணும் போர்க் கல்லறை வேறொரு நிலையைக் காட்டுகிறது. 1952இல் அமைக்கப்பட்ட அவ்வளாகத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேரின் கல்லறைகள் உள்ளன. இந்தியாவின் பல்வேறு இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, கல்லறைகளைத் தொடர்ந்து பேண இயலாத நிலையிலிருந்த முதல் உலகப் போர்க்காலத்தவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பெயரால் நினைவுகூரப்படுகின்றனர். கல்லறையைப் பேண இயலாதபோதும் பெயரைக் காக்க இயலும் என்பதற்கு இது சான்று. எனவே வேலூரிலும் பாஸ்ராவிலும் பெயர் விடுபட்டதற்கு இடவசதி, தொலைவு முதலியவற்றை மட்டும் காரணமாக்க இயலாது.

வீழ்ந்த வீரனின் பெயரையும் செயலையும் நடுகல்லில் பொறித்த தமிழ் மரபோடு ஒப்பிட, எண்ணிக்கை மட்டும் தாங்கிய கல்வெட்டின் குறை மேலும் தெளிவாகும்.

இக்குறையை ஓரளவு நிறைவு செய்யும் சான்று ஒன்று குடும்பங்களிடையே எஞ்சியிருக்கக்கூடும். பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டன. தொழிலாளர் படையினர்க்கு அது வெண்கலத்தில் வழங்கப்பட்டது. வெள்ளிக்காக ஒரு பதக்கம் உருக்கப்படின், ஒருவரின் பெயரைத் தாங்கிய சான்றும் அழியும். ஆகவே ஊர்க் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் ஆய்வாளர், அவ்வூர் வீடுகளிலுள்ள பதக்கங்களின் விளிம்புகளையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. 277 என்னும் எண்ணைப் பெயர்களாக மீட்பதற்கான தொடக்கம் அதுவே.